குறைத்து அளந்த ஆட்டம்

காத்திருத்தலுக்கென ஒரு திணையையே வகுத்துக் கொடுத்தது தமிழ் மரபு. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்பது நம் துறை மாணவர் முதலாண்டிலேயே கற்கும் பாடம். அவ்விருத்தல் செயலற்றுக் கிடத்தலன்று, ஆற்றியிருத்தல். வினைமேற் சென்ற தலைவன் கார்ப்பருவத்தில் மீள்வதாகச் சொல்லிச் செல்கிறான். அச்சொல்லை நம்பித் தலைவி இல்லிருக்கிறாள். ஆகவே முல்லையின் அடிப்படை தலைவியின் பொறுமை மட்டுமன்று, தலைவனின் சொல்லும் ஆகும். காத்திருப்பவர் ஒருவர் உளரெனின், அவருக்குக் கடமைப்பட்டவர் இன்னொருவரும் உளர்.

இக்கருத்தைக் கால்பந்தாட்டத் திடலில் வைத்துப் பார்க்க விழைகிறோம். தமிழ்த்துறை மலரில் பந்தாட்டத்திற்கு என்ன வேலை எனச் சான்றோர் சிலர் புருவம் நெறிக்கக்கூடும். விடிய விடியத் தொலைக்காட்சிமுன் அமர்ந்துவிட்டு, சுபுஹுத் தொழுகையைத் தவறவிடும் பிள்ளைகளைக் கண்டு நொந்த பெற்றோர்க்கு இப்பேச்சே கசக்கலாம். அவர்தம் வருத்தம் நியாயமானது. அதனை மறுத்துரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் கோடிக்கணக்கான மக்கள் ஒரே பொழுதில் ஒரு முடிவுக்காக ஏங்கி நிற்கும் நிகழ்ச்சிகள் இக்காலத்தில் மிகச் சில. அந்த ஏக்கத்தை ஆடுகின்றவர்கள் எவ்வாறு நடத்துகிறார்கள் என்பது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று; அறத்தின்பாற்பட்ட வினாவாகும்.

ஆட்டத்தின் நடைமுறை அறியாதார்க்காக ஒரு சொல். உலகக் கோப்பையின் முதற்சுற்றில் அணிகள் நான்கு நான்காகக் குழுக்களில் அமர்கின்றன. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் மோத, முதலிரு இடங்களைப் பெறுபவை மேற்செல்வது நெடுநாள் வழக்கம். மூன்றாவது ஆட்டம் நெருங்கும்போதுதான் இரசிகனின் இருத்தல் உண்மையிலேயே தொடங்குகிறது. வென்றால் போதுமா, எத்தனை கோல் வேண்டும், அடுத்த திடலில் யார் தோற்க வேண்டும் எனக் கணக்குப் போட்டே அவன் இரவைக் கழிக்கிறான். கணக்குப் பாடத்தில் நாற்பதைத் தாண்டாத மாணவனும் அன்றைக்குக் கோல் வித்தியாசத்தை மனக்கணக்காகச் சொல்வதை நாம் கண்டிருக்கிறோம்.

இவ்வகைக் காத்திருப்புகளுள் வரலாற்றில் நின்றுவிட்டது 1982இல் அல்ஜீரிய மக்கள் காத்திருந்த காத்திருப்பு. அதன் விந்தை என்னவெனில், அவர்கள் காத்திருந்த ஆட்டத்தில் அவர்தம் அணி ஆடவேயில்லை.

அல்ஜீரியாவுக்குக் கால்பந்து வெறும் ஆட்டமாக இருந்ததில்லை. 1830 முதல் பிரெஞ்சுக்காரர் ஆதிக்கத்தில் கிடந்த நாடு அது. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1958 ஏப்ரலில், பிரான்சு நாட்டுக் கழகங்களில் பெரும்பொருள் ஈட்டிக்கொண்டிருந்த அல்ஜீரிய ஆட்டக்காரர்கள் சிலர் இரவோடிரவாக எல்லை கடந்து துனீசியாவின் தலைநகர் துனிஸ் சென்று, விடுதலை முன்னணியின் பெயரால் ஓர் அணியைக் கட்டினர். சேன் எத்தியேன் கழகத்தின் ரஷீத் மெக்லூஃபியும் மொனாக்கோ கழகத்தின் முஸ்தஃபா ஸித்தூனியும் அவர்களுள் முதன்மையானோர். அவ்வாண்டு உலகக் கோப்பையில் பிரான்சு அணிக்காகவே ஆடும் வாய்ப்பு இவ்விருவர்க்கும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதனை உதறியே சென்றனர். 1962இல் நாடு விடுதலை பெற்றது. சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, ஸ்பெயின் நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் அல்ஜீரியா முதன்முறையாகக் கால் வைத்தபோது, அணியின் பயிற்சிக் குழுவில் அதே மெக்லூஃபி இருந்தார்.

முதல் ஆட்டம் ஜூன் 16 அன்று ஹிஹோன் நகரில். எதிரணி மேற்கு ஜெர்மனி. அன்றைய ஐரோப்பிய வாகையர். தோற்றால் அடுத்த இரயிலிலேயே ஊர் திரும்புவேன் என ஜெர்மானியப் பயிற்சியாளர் கேலியாகச் சொன்னதாக அந்நாளில் செய்தி பரவியது. மாஜர் ஒரு கோலடித்தார். ருமெனிகே சமன் செய்தார். அடுத்த நிமிடமே பெல்லூமி இரண்டாவது கோலை அடித்தார். அல்ஜீரியா 2, மேற்கு ஜெர்மனி 1. பயிற்சியாளர் இரயில் ஏறவில்லை என்பது வேறு.

பின்னர் அல்ஜீரியா ஆஸ்திரியாவிடம் 0-2 எனத் தோற்றது. ஜூன் 24 அன்று ஓவியேதோ நகரில் சிலியை 3-2 என வென்றது. ஆக இரண்டு வெற்றி. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற அந்நாளைய கணக்கில் நான்கு புள்ளிகள். குழுவில் எஞ்சியது மறுநாள் மாலை ஹிஹோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடும் ஆட்டம் ஒன்றே.

ஈண்டுச் சற்று நின்று கணக்கைப் பார்ப்போம். ஆஸ்திரியாவுக்கும் நான்கு புள்ளிகள். மேற்கு ஜெர்மனிக்கு இரண்டு. ஆஸ்திரியா வென்றாலோ ஆட்டம் சமனானாலோ ஜெர்மனி வெளியேறும், அல்ஜீரியா மேற்செல்லும். ஜெர்மனி நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் ஆஸ்திரியா வெளியேறும். அப்போதும் அல்ஜீரியா மேற்செல்லும். 3-0 என்றாலும் அவ்வாறே. ஜெர்மனி ஒரு கோல் அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் மட்டும் அண்டை நாட்டார் இருவரும் கைகோத்து மேற்செல்வர். அல்ஜீரியா வீடு திரும்பும். அத்தனை வாயில்களுள் ஒரேயொரு வாயில்தான் அல்ஜீரியருக்கு அடைபட்டிருந்தது. அந்த ஒன்றைத் திறக்கும் சாவியோ களமிறங்கிய இருவர் கையிலும் இருந்தது. ஏனெனில் அல்ஜீரியா தன் ஆட்டத்தை முதல்நாளே முடித்துவிட்டது.

அந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ஹிஜ்ரி 1402ஆம் ஆண்டு ரமலான் பிறந்து இரண்டு மூன்று நாட்களே ஆகியிருந்தன. ஜும்ஆ முடித்து, நீண்ட கோடைப் பகலின் நோன்போடு அல்ஜீரியர் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருப்பர். ஆட்டம் ஸ்பெயின் நேரப்படி மாலை 5.15க்குத் தொடங்கியது. நோன்பு திறக்க இன்னும் வெகுநேரம் இருக்கையிலேயே முடிந்தும்விட்டது. உண்மையில் அது பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது என்றே சொல்லவேண்டும். பத்தாவது நிமிடத்தையொட்டி ஹ்ருபெஷ் ஜெர்மனிக்கு ஒரு கோலடித்தார். 1-0. இருவருக்கும் வேண்டிய எண்ணிக்கை வந்தாயிற்று. முதற்பாதி மெல்ல மெல்ல இளகி, இடைவேளைக்குப் பின் முற்றும் உறைந்தது. பந்து தன் பாதியிலேயே இங்குமங்கும் உருண்டது, காவலரிடம் திரும்பியது, மீண்டும் உருண்டது. எவரும் எவரையும் நெருக்கவில்லை.

கூடியிருந்த சுமார் 41,000 பேருக்கும் விளங்கிவிட்டது. ஸ்பானியர்கள் சீழ்க்கையடித்து வெளியேறுங்கள் என்று கூவினர். அல்ஜீரிய இரசிகர்கள் பணத்தாள்களை உயர்த்திக் காட்டினர். தம் நாட்டுக் கொடியை ஒரு ஜெர்மானியரே கொளுத்தினார் எனச் செய்திகள் கூறின. ஆஸ்திரியத் தொலைக்காட்சியின் வருணனையாளர் இராபர்ட் ஸீகர், பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று நேயர்களிடமே சொன்னார். உள்ளூர் நாளிதழ் ஒன்று மறுநாள் இச்செய்தியை விளையாட்டுப் பகுதியில் போடாமல் குற்றச் செய்திப் பகுதியில் போட்டது என்பர். அவ்விதழாசிரியர் எவராயினும் பாராட்டுக்குரியவர்.

அல்ஜீரியா முறையிட்டது. ஃபிஃபா ஏற்கவில்லை. விதி எதுவும் மீறப்படவில்லை என்பதே காரணம். இங்குதான் நாம் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விதி மீறப்படவில்லை என்பது உண்மை. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள் என்பதற்கும் சான்று காட்டப்படவில்லை. இலக்கு அடுத்த சுற்று, அதை அடைந்தோம், வேறென்ன வேண்டும் என்பது ஆடியவர்தம் வாதம். இவ்வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது. வெற்றி உறுதியானபின் மூச்சைச் சேமித்துக்கொள்வது எல்லா ஆட்டத்திலும் உண்டு. சதுரங்கத்தில் சமன் போதுமென்றால் சமனுக்கே ஆடுவர். இவர்களை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவானேன் எனச் சட்டம் பயிலும் நம் மாணவர் எவரேனும் கேட்பின், கேள்வி நியாயமே.

விடையை நாம் சட்டத்தில் தேடவில்லை, சந்தையில் தேடுகிறோம். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரைப் பற்றியது. பிறரிடம் பெறும்போது நிறைய அளந்து பெற்று, தாம் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரை அது கடிகிறது. இவ்வத்தியாயத்தை நம் பெரியோர் படிக்கல்லோடும் நாழியோடும் மட்டும் பொருத்திப் பார்த்ததில்லை. கூலி வாங்கிக்கொண்டு வேலையைக் குறைப்பவனும், பாடவேளையை அரட்டையில் கழிக்கும் நம் போன்ற ஆசிரியனும் இதற்குள் அடங்குவர் என்றே கொண்டனர். ஹிஹோனில் நடந்தது இதுவே. இரசிகரின் பணம், பயணம், உறக்கமற்ற இரவு, எதிர்பார்ப்பு ஆகிய யாவும் முழு அளவில் பெற்றுக்கொள்ளப்பட்டன. திரும்ப அளந்து கொடுத்தது பத்து நிமிட ஆட்டம். எஞ்சிய எண்பது நிமிடம் வெறும் நாழி.

சதுரங்க வாதம் இங்குப் பொருந்தாமைக்கும் காரணம் உண்டு. அங்குச் சமன் செய்வோர் தமக்குள்தான் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஹிஹோனிலோ பங்கிடப்பட்டது மூன்றாமவன் சொத்து. அவன் அறைக்கு வெளியே நிற்கிறான், வாதாடவும் வழியில்லை. நடுவு நிலைமை என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், உறவாயினும் பகையாயினும் அயலாயினும் ஒரே கோல் என்கிறார். அயலான் எதிரே இல்லாதபோதுதான் கோலின் நேர்மை தெரியவரும்.

இவ்வளவு சொன்னபின் மற்றொன்றையும் சொல்லாவிடின் நாமும் குறைத்து அளந்தவர்களாவோம். சிலியுடனான ஆட்டத்தில் அல்ஜீரியா இடைவேளையின்போதே 3-0 என முன்னணியில் நின்றது. பின்பாதியில் கைதளர்ந்து இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்தது. அந்த 3-0 நிலைத்திருந்தால், மறுநாள் 1-0 என்னும் முடிவு வந்தும் ஆஸ்திரியாவே வெளியேறியிருக்கும்; கோல் வித்தியாசம் சமனாகி, அடித்த கோல்களில் அல்ஜீரியா விஞ்சியிருக்கும். அவ்விரு அண்டை நாட்டாருக்கும் கைகோக்க வழியே கிடைத்திராது. அல்ஜீரியர் இதனைப் பேசுவது குறைவு. அநீதி இழைக்கப்பட்டவர் தம் தவற்றை எண்ணிப் பார்ப்பது கடினம்தான். நம் சமுதாயத்தார்க்கும் இந்நோய் உண்டு என்பதை இத்துடன் விடுகிறோம்.

இனி, விதி வகுப்போர். இவ்வாறு நடக்கும் என்பதற்கு நான்காண்டுகட்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. 1978இல் அர்ஜெண்டினாவில், இரண்டாம் சுற்றுக் குழுவின் கடைசி நாளன்று பிரேசில் முதலில் ஆடி முடித்தது. பின்னர் களமிறங்கிய அர்ஜெண்டினா நான்கு கோல் வித்தியாசம் வேண்டும் என்பதை அறிந்தே இறங்கி, பெருவை 6-0 என வென்றது. அப்போதும் முறையை மாற்றவில்லை. ஹிஹோனுக்குப் பின்னரே மாற்றினர். 1986 முதல் ஒரு குழுவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. அம்முறையின் முதற்பயன் கிட்டிய அரபு நாடுகளுள் மொராக்கோ ஒன்று. அவ்வாண்டு ஜூன் 11 அன்று போர்ச்சுகலை 3-1 என வென்று, இங்கிலாந்தையும் போலந்தையும் பின்தள்ளிக் குழுவில் முதலிடம் பெற்றது. ஆப்பிரிக்க நாடொன்று இரண்டாம் சுற்றுக்குச் சென்றது அதுவே முதன்முறை.

ஆனால் ஒரே நேரத் தொடக்கம் என்பது காத்திருப்போரின் துன்பத்தைக் குறைக்கும் மருந்தன்று. அதற்கும் மொராக்கோவே சான்று. 1998 ஜூன் 23 அன்று பிரான்சின் சேன் எத்தியேன் நகரில், மெக்லூஃபி ஆடிப் புகழ்பெற்ற அதே ஊரில், மொராக்கோ ஸ்காட்லாந்தை 3-0 என வீழ்த்தியது. மார்சேய் நகரில் அதே நேரத்தில் நார்வேயும் பிரேசிலும் ஆடின. நார்வே வெல்லாதிருந்தால் மொராக்கோவுக்குப் போதும். பிரேசிலே முதலில் கோலடித்து முன்னணியில் நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் நார்வே சமன் செய்தது. பின்னர் தண்ட உதை ஒன்றால் 2-1 என வென்றது. சேன் எத்தியேனில் மகிழ்ந்து நின்ற மொராக்கோ ஆட்டக்காரர்க்குச் செய்தி எட்டியபோது அத்திடலின் நிலையை எண்ணிப் பாருங்கள். வென்றவர்கள் அழுதார்கள்.

அந்தத் தண்ட உதைக்கு அடிப்படையான தவற்றை எந்தத் தொலைக்காட்சிப் படமும் முதலில் காட்டவில்லை. நார்வேயின் ஃப்ளோ தானாகவே விழுந்தார் என்றே உலகம் பேசிற்று. நடுவர் எஸ்ஃபந்தியார் பஹார்மஸ்த் அமெரிக்கர், ஈரானில் பிறந்தவர். அவர்மீது கண்டனக் கணை பாய்ந்தது. பிரேசில் வேண்டுமென்றே தோற்றது, மொராக்கோவுக்கு எதிரான சதி என்று பலர் நம்பினர். ஓரிரு நாளில் ஸ்வீடன் நாட்டுத் தொலைக்காட்சியின் படம் ஒன்று வெளிவந்தது. வேறொரு கோணத்தில் எடுக்கப்பட்ட அப்படத்தில் பிரேசிலின் தற்காப்பாளர் ஃப்ளோவின் சட்டையைப் பற்றி இழுப்பது தெளிவாகத் தெரிந்தது. நடுவர் கண்டது சரி. உலகம் கண்டது தவறு.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் நம் மாணவர் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. காத்திருந்த இரு நாடுகள். அயலார் ஆட்டத்தால் இரண்டும் வெளியேறின. ஒன்றில் வஞ்சம் இருந்தது. மற்றதில் வெறும் தோல்வியே இருந்தது. ஏமாற்றம் ஒன்றே என்பதால் காரணமும் ஒன்றே எனக் கொள்ளும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. எங்கு இழந்தாலும் சதி எனும் சொல் நாவில் முதலில் வந்து நிற்கிறது. ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறு அல்-ஹுஜுராத் அத்தியாயம் ஆணையிடுவது ஓதுவதற்கு மட்டுமன்று. ஆடுவோர்க்கு அளவு உண்டென்றால் காத்திருப்போர்க்கும் ஓர் அளவு உண்டு.

அதையும் மீறியவர் உளர். 2014இல் பிரேசிலின் குரிச்சிபா நகரில் இரஷ்யாவுக்கு எதிராக அல்ஜீரியாவுக்குச் சமன் ஒன்றே போதுமாயிருந்தது. நம் நாட்டில் அப்போது பின்னிரவு 1.30 மணி. இரஷ்யா முதலில் கோலடித்தது. அறுபதாம் நிமிடத்தில் ஸ்லிமானி தலையால் முட்டிச் சமன் செய்தார். அல்ஜீரியா வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் சுற்றுக்குச் சென்றது. ஆனால் அதற்குச் சற்று முன் இரஷ்யக் காவலரின் முகத்தில் கூட்டத்திலிருந்து எவரோ லேசர் ஒளியைப் பாய்ச்சியிருந்தனர். ஃபிஃபா அல்ஜீரியச் சங்கத்திற்கு அபராதம் விதித்தது. முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பின் இறுதியில் அப்படியொரு கறை வேண்டியிருந்ததா? ஹிஹோனில் பணத்தாளை உயர்த்திக் காட்டிய தலைமுறை எவர் கண்ணையும் மறைக்கவில்லை. கண்டதைச் சுட்டிக்காட்டியது, அவ்வளவே.

அடுத்த சுற்றில் எதிரே வந்தது ஜெர்மனி. நாள் ஜூன் 30. மீண்டும் ரமலானின் தொடக்கம். அல்ஜீரியாவின் பயிற்சியாளர் வாஹித் ஹலில்ஹோஜிச் பொஸ்னியர். 1982 உலகக் கோப்பையில் யூகோஸ்லாவிய அணியில் இருந்தவர். தொண்ணூறு நிமிடம் கோலின்றிப் போராடி, கூடுதல் நேரத்தில் 2-1 என அல்ஜீரியா தோற்றது. முறையீடு எதுவும் எழவில்லை. அளவு நிறைவாக இருந்தது.

ஹிஹோனின் நிழல் இன்னும் நீங்கவில்லை. 48 அணிகள் ஆடும் 2026 உலகக் கோப்பைக்கு முதலில் மூன்று மூன்று அணிகளாக 16 குழுக்கள் என்றே 2017இல் தீர்மானித்தனர். மூவர் உள்ள குழுவில் கடைசி ஆட்டத்தின்போது ஒருவர் வெளியே நிற்பார். எஞ்சிய இருவரும் கணக்கை அறிந்து இறங்குவர். அஃதாவது அச்சாக 1982இன் நிலை. நல்லவேளையாக 2023 மார்ச்சில் அத்திட்டத்தைக் கைவிட்டு, நான்கு நான்காக 12 குழுக்கள் என மாற்றினர். எனினும் மூன்றாமிடம் பெறுவோருள் எட்டு அணிகளும் மேற்செல்லலாம் என்று வைத்தனர். பன்னிரண்டு குழுக்களும் ஒரே நாளில் முடிவதில்லை. ஆகவே பிந்தி ஆடும் குழுவினர் முந்தி ஆடியோரின் கணக்கை முழுதும் அறிந்தே களமிறங்குவர். முன்வாயிலை அடைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததாகவே நாம் இதனைக் கருதுகிறோம்.

2025 டிசம்பரில் நடந்த குலுக்கலில் அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் ஒரே குழுவில் விழுந்தன. உடன் அர்ஜெண்டினாவும் ஜோர்டானும். இவ்விருவரும் மோதும் ஆட்டம் அக்குழுவின் கடைசி நாளான 2026 ஜூன் 27க்கு வைக்கப்பட்டது. முதற்சுற்று முழுமைக்கும் கடைசி நாளும் அதுவே. மூன்றாமிடக் கணக்கில் பிற குழுக்கள் பெரும்பாலானவற்றின் முடிவுகளை முன்னரே அறிந்து இறங்கும் இடம் இம்முறை அல்ஜீரியாவுக்கு வாய்த்தது. தம் ஆட்டத்தை முடித்துவிட்டு வேறொரு நகரில் தொலைக்காட்சிமுன் காத்திருக்கும் இடம் வேறு எவருக்கோ.